மனசா, பீடியா?

கரியமாணிக்கத்தில் எங்க பெரியப்பா 54 வயசில் மாரடைப்பில் போனார். அதுக்கு முன்னாடி, பெரியம்மா இறந்ததிலிருந்து ரெண்டு வருஷம் யாரோடும் சரியாப் பேசவே இல்லை. "மனசு ஒடஞ்சுதான் அவன் நெஞ்சு நின்னுச்சு"ன்னு ஆயா சொல்லும். அப்பா ஒத்துக்க மாட்டார், "பீடிதான் காரணம்"பார். சாவு வீட்டில் தொடங்கின சண்டை, இன்னும் ஓடுது.

நான் கோடு எழுதுறவன். எது எதுக்குக் காரணம்னு தெரியணும்னா பயனர்களைச் சீட்டுக் குலுக்கி ரெண்டாப் பிரிச்சு ஏ/பி டெஸ்ட் வைப்போம். பாதிப் பேருக்கு மனச்சோர்வைக் கொடுத்து அப்படிப் பார்க்க முடியுமா? முடியாது. ஆனா இயற்கை அந்தக் குலுக்கலை முன்னாடியே முடிச்சு வெச்சிருக்கு. ஒவ்வொரு மரபணுவிலும் அப்பாகிட்ட ரெண்டு பிரதி, அம்மாகிட்ட ரெண்டு பிரதி. எது நமக்கு வரும்ங்கிறது தற்செயல். பின்னால வர்ற பீடியோ துக்கமோ அந்த எழுத்தை மாத்தாது. மனச்சோர்வுக்குச் சாய்வு தர்ற மரபணு மாற்றங்கள் நிறைய இருக்கு, ஒவ்வொண்ணோட பங்கும் துளிதான். அது அதிகமா இருக்கிறவங்களுக்கு மாரடைப்பும் அதிகமான்னு பார்க்கலாம். இதுக்குப் பேர் மெண்டலியன் ராண்டமைசேஷன். ஒரே மரபணு ரெண்டு வேலை பார்த்தா கணக்கு தப்பிடும், அதுதான் இதோட பெரிய தலைவலி.

2019-இல் கேம்பிரிட்ஜில் கோலம் கண்டேக்கர் குழு, யூகே பயோபேங்கில் சுமார் 3.67 லட்சம் பேரை வெச்சு இதையே எதிர்த் திசையில் பார்த்தாங்க. குடும்பத்தில் இதய நோய் இருந்தவங்களுக்கு மனச்சோர்வு வாய்ப்பு 20% அதிகம். ஆனா இதய நோய்க்கான மரபணுச் சாய்வுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இல்லை! அப்போ ரெண்டுக்கும் பொதுவா வேற ஏதோ இருக்கணும். ஐஎல்-6, சிஆர்பிங்கிற அழற்சிக் குறியீடுகளும், டிரைகிளிசரைடு கொழுப்பும் மனச்சோர்வுக்குக் காரணமா இருக்கலாம்னு மரபணுக் கணக்கு காட்டுச்சு.

மனச்சோர்விலிருந்து இதயத்துக்குப் போற திசையில், பின்னால வந்த ஆய்வுகள் ஓரளவு ஆமாம்னு சொல்லுது. அதில் ஒரு பங்கு புகைபிடித்தல், சர்க்கரை நோய் வழியாத்தான் போகுது. இதை ஆயாகிட்ட சொன்னேன். "அப்போ அவனைப் பீடி பிடிக்க வெச்சது யாரு?"ன்னு கேட்டுச்சு. ஆயாவுக்கு ஒரு பாயின்ட்.

ஒரு நெருடல் இருக்கு. அந்த 3.67 லட்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளி. நம்ம ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரோட மரபணுத் தரவை 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து விட்டுச்சு. நல்ல தொடக்கம். ஆனா இந்தக் கேள்விக்கு லட்சக்கணக்கில் ஆள் வேணும், பல வருஷ நோய்க் குறிப்பும் கூடவே வேணும்.

அப்பாவுக்கு இப்போ 56. பிபி பார்க்கப் போறப்போ தூக்கம், மனசு பத்தியும் டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னேன். ம்ம்னார்.