உடலின் சிறுபொழுதுகள்

நோயாளியின் நாவின்கீழ் வெப்பமானியை வைத்து, 98.6 பாகை கண்டவுடன், காய்ச்சல் இறங்கிற்று என்று நாம் மகிழ்கின்றோம். எந்நேரத்திற் பார்த்தோம் என்பதை எண்ணுகின்றோமில்லை.

நலமுற்ற உடலும் நாள் முழுவதும் ஒரே வெப்பநிலையில் நிற்பதன்று. நம் இலக்கண நூலார் வகுத்த சிறுபொழுதுகளுள், வைகறையில் அது மிகத் தாழ்ந்தும், எற்பாட்டிலும் மாலைத் தொடக்கத்திலும் மிக உயர்ந்தும் காணப்படும். இவ்வேற்றுமை பாரன்ஹீட் அளவில் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு பாகை வரையாம்.

இஃது உணவாலும் உழைப்பாலும் மட்டும் விளைவதோ எனின், அன்று. 1938-இல் சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளைட்மன் என்பார், தம் மாணவர் ரிச்சர்ட்சனோடு கெண்டக்கி மாநிலத்து மாமத் குகையுட் புகுந்து, ஞாயிற்றொளி படாத அவ்விடத்தே 32 நாள் வைகினார். இருவரும் 28 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்டு உண்டு உறங்கினர். இளைஞரான மாணவரது உடல்வெப்பம் அப்புதிய நாளுக்கு இணங்கிற்று. ஆசிரியரதோ பழைய 24 மணி முறையையே பற்றி நின்றது.

உடலகத்தே ஒரு நாழிகை வட்டில் உளது என்பது இதனாற் புலனாம். மூளையின் அடிப்பகுதியில், கண்ணரம்புகள் குறுக்கிடும் இடத்திற்கு மேலுள்ள சிறு நரம்புக்கூட்டமே அது என 1972-இல் ஆய்வாளர் கண்டனர். கண்வழிப் புகும் ஒளி அதனை நாடோறும் திருத்துகின்றது.

ஆதலின், வைகறையிற் கண்ட அளவொன்றையே நம்பி நோயாளியை நடமாட விடுதல் தவறாம். மாலையினும் பார்த்து, நேரத்தோடு குறித்தல் வேண்டும். தேர்வு நெருங்க, பின்னிரவு நான்கு மணிக்கு விளக்கின்முன் நடுங்கி அமரும் நாமும் பனியை மட்டும் நோவது பொருந்தாது. அவ்வேளையில் உடல் வேண்டுவது உறக்கமே அன்றோ?