நாலு மீட்டருக்கு ஓர் உயிர்

குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலப் படத்தை (1957) நம்மில் பலர் பார்த்திருப்போம். படத்தில் மரப்பாலம் வெடித்துச் சிதறும். உண்மையில் குண்டுவீச்சில் சேதமான பெரிய பாலம் இரும்புப் பாலம். செப்பனிடப்பட்டு இன்றும் அதன்மேல் ரயில் ஓடுகிறது. படம் சொல்லாத இன்னொன்றும் உண்டு. அந்தப் பாதையில் அதிகம் மடிந்தவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள் அல்லர். நம் தமிழரும் அடங்கிய ஆசியத் தொழிலாளர்கள்.

1941இல் அமெரிக்கா எண்ணெய் தருவதை நிறுத்தியதும், டச்சுக்காரர் வசமிருந்த இந்தோனேசிய எண்ணெய்க் கிணறுகளை ஜப்பான் குறிவைத்தது. டிசம்பர் 8இல் மலாயாவின் கோத்தாபாருவில் படை இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ஜாவாவும் ரங்கூனும் வீழ்ந்தன. 'ஆசியா ஆசியருக்கே' என்பது ஜப்பானின் கோஷம்.

பர்மாவிலிருந்த படைக்குச் சாமான் போக வேண்டுமே? கடல்வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிகளின் பயம். ஆகவே சயாமிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை சுமார் 415 கி.மீ. மீட்டர் கேஜ் பாதை போட முடிவாயிற்று. மலையும் காடுமான அந்த வழி, ஆங்கிலேயர் முன்பே யோசித்துக் கைவிட்டது. 1942 நடுவில் தொடங்கிய வேலை, 1943 அக்டோபர் 17இல் முடிந்தது.

மீட்டர் கேஜில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். புதிதாக மண்கரை போட்டால் ஒரு மழைக்காலமாவது படிய விடுவோம். கேங்குக்குக் கூடாரம், குடிதண்ணீர், மருந்துப் பெட்டி எல்லாம் முதலில் போய்ச் சேரும். அங்கோ கெடுவைச் சுருக்கி, கொட்டும் மழையில் உளி, சம்மட்டி, கூடையோடு இரவும் பகலும் வேலை வாங்கினார்கள். தீவட்டி வெளிச்சத்தில் பாறை வெட்டிய ஓரிடத்துக்குக் கைதிகள் வைத்த பெயர் 'ஹெல்ஃபயர் பாஸ்'. பிறகு காலரா வந்தது.

ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையின்றிக் கிடந்த நம்மவர்களைக் கூலியும் அரிசியும் தருவதாக ஆசை காட்டி அழைத்தார்கள். வராதவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கைதிகளிடையே டாக்டர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. தொழிலாளர்களுக்கு இரண்டும் இல்லை. 60,000க்கு மேற்பட்ட கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் சுமார் 2 லட்சம் பேரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது மதிப்பீடு.

ஸ்லீப்பருக்கு ஓர் உயிர் என்பார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு இல்லை, நாலு மீட்டருக்கு ஓர் உயிர். அது மட்டும் குறைவா?

காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. 'ஆசியருக்கே' என்று வந்தவர்கள் போட்ட பாதையில் ஆசியருக்குக் கணக்குக்கூட வைக்கவில்லை.

மலாயா போய்த் திரும்பாத யாரையாவது பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருந்தால், அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.