பாரத்தின் இடம்

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், டெர்பி நகருக்கு அருகே தொடங்கி கிம்பர்லி வனாந்தரத்தை ஊடறுத்துச் செல்லும் கிப் ரிவர் சாலை சுமார் 660 கிலோமீட்டர் நீளம். அதன் பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான். வழியில் வண்டி நின்றுவிட்டால் பட்டறை பக்கத்தில் இருக்காது. அதனால் டயர், பேரிங், பெல்ட், பட்டை ஸ்பிரிங், டீசல், தண்ணீர் என எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோகிறார்கள். ஜீப்புக்கு அனுமதித்த எடை நிரம்பிய பிறகு மிஞ்சியதைச் சுமக்க, ஒற்றை அச்சில் ஓடும் சிறு டிரெய்லர் ஒன்றை வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்பவர்கள் அங்கே நிறையப் பேர். சட்டமும் அதற்கு இடம் தருகிறது. சிறு டிரெய்லர் கட்டுவோருக்கென அரசே விதிமுறைக் கையேடு வெளியிட்டிருக்கிறது. கட்டுபவர்களின் கவலையெல்லாம் பெரும்பாலும் இரும்பின் கனத்தைப் பற்றியே இருக்கிறது. டிரெய்லர் பத்திரமாகப் போய்த் திரும்புமா என்பதை அதைவிட அதிகமாகத் தீர்மானிப்பது, ஏற்றிய பாரம் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான்.

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு முன்பாரமும் பின்பாரமும் தெரியும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும்பும். முன்பாரம் கூடினால் மாடு திணறும். டிரெய்லருக்கும் கணக்கு இதுவே: மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் இறங்க வேண்டும் என்பது பரவலான நடைமுறை. 600 கிலோ டிரெய்லர் என்றால் 60 கிலோ. இது குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். ஆனால் மாட்டின் நடைவேகத்தில் தலைகாட்டாத இன்னொரு கணக்கு, மணிக்கு 90 கிலோமீட்டரில் வந்து நிற்கிறது. 40 கிலோ உதிரிச் சக்கரத்தை அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்கவிட்டு, ஈடுகட்ட 40 கிலோ டீசல் கேன்களை அதே தூரத்தில் முன்னால் வைத்தால், கொக்கியின்மேல் எடை துளியும் மாறாது. தராசு சரி என்றே சொல்லும். திருப்பத்துக்கு எதிரான நிலைமமோ தூரத்தின் வர்க்கத்தில் வளர்வது. அந்த இரண்டு சுமைகளையும் அச்சிலிருந்து 0.3 மீட்டருக்குக் கொண்டுவந்தால், நிலைமத்தில் அவற்றின் பங்கு பதினாறில் ஒன்றாகிவிடும்.

இது ஏன் முக்கியம்? பக்கக்காற்றோ, கடந்துபோகும் லாரியோ டிரெய்லரைச் சற்றே திருப்பிவிட்டால், அதை மீண்டும் நேராக்கி ஆட்டத்தை அடக்குவது டயர்களின் பக்கவாட்டுப் பிடிப்பு. ஆட்டத்தை அடக்கும் அந்த விசை, வேகம் கூடக் கூடக் குறைகிறது. பக்கவாட்டு அசைவு அதே அளவாக இருந்தாலும், முன்னோட்டம் விரைவாக இருக்கும்போது டயர் சரியும் கோணம் சிறுத்துவிடுவதே காரணம். நிலைமம் பெரிதாக இருந்தால், குறைந்துபோன அந்த விசை இன்னும் பெரிய ஊசலைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும். ஒரு வேகத்துக்கு மேல் அது முடியாமல் போகிறது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிட அகலமாகி, முன்னால் போகும் ஜீப்பையும் சேர்த்துச் சாலையைவிட்டு இழுத்துவிடும். பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் காரையும் டிரெய்லரையும் ஓட்டிச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வும், நிலைமம், முன்பாரம், அச்சின் இடம் ஆகியவற்றையே நிலைத்தன்மையைத் தீர்மானிக்கும் காரணிகளாகச் சுட்டியது.

“நாங்கள் போவது காட்டுப்பாதை, அங்கே ஏது அந்த வேகம்?” என்று கேட்கலாம். காட்டுப்பாதையின் தொடக்கத்தை அடையவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தார்ச்சாலையில் ஓட வேண்டும் என்பது ஒரு பதில். காட்டுப்பாதையிலும் இதே நிலைமம் வேறு உருவில் வேலை செய்கிறது என்பது அதைவிட வலுவான பதில். சரளைச் சாலையில் வண்டிகள் ஓட ஓட, குறுக்கே வரிவரியாகச் சிற்றலைகள் எழுகின்றன. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய இயற்பியலாளர் கீத் மாத்தர், மணலில் சக்கரத்தைச் சுழலவிட்டு இந்த அலைகள் பிறப்பதை 1960களின் தொடக்கத்திலேயே காட்டினார். 2007இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஸ்பிரிங்கே இல்லாத சக்கரமும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அலைகளை உண்டாக்குகிறது என்று நிறுவியது. ஆகவே ஸ்பிரிங்கை மாற்றி அலைகளை ஒழிக்க முடியாது; அவற்றோடுதான் பயணம். அலைக்கு அலை முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டருக்குள் ஒரு சக்கரம் 1,30,000 அடிக்கு மேல் வாங்குகிறது. குழியில் விழுந்து எழும்போது இரு நுனியிலும் பாரம் சுமக்கும் டிரெய்லர் மேலும் கீழுமாகத் தலையாட்டி, ஒவ்வொரு முறையும் கொக்கியையும் அதை டிரெய்லரோடு இணைக்கும் ஏர்க்கால் தண்டையும் வளைத்து நிமிர்த்துகிறது.

“அப்படியானால் தண்டைக் கனமாகக் கட்டுவோம், உயர்ரக எஃகு வாங்குவோம்” என்பது அடுத்த வாதம். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இரும்பு இங்கே ஒரே அடியில் ஒடிவதில்லை. லட்சக்கணக்கான சிறு வளைவுகளால் களைத்துப்போய், பெரும்பாலும் வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை விரிசலாகத் தொடங்குகிறது. வெல்டிங் செய்த மூட்டின் களைப்பு வலிமை, எஃகின் ரகம் உயர்வதால் ஏறக்குறைய உயர்வதே இல்லை. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வலிமை, பற்றவைத்த அந்த ஒரு கோட்டில் காணாமல் போகிறது. தண்டின் குறுக்கே கூடுதல் தகட்டைப் பற்றவைப்பதும் பல நேரங்களில் விரிசலுக்குப் புதிய இடம் தேடித் தருவதாகவே முடியும். மாறாக, அத்தகைய மூட்டின் ஆயுள், ஒவ்வொரு வளைவிலும் அது தாங்கும் தகைவின் கனத்துக்கு, அதாவது மூன்றாம் படிக்கு, தலைகீழ் விகிதத்தில் இருக்கிறது: தகைவைப் பாதியாக்கினால் ஆயுள் எட்டு மடங்கு. வர்க்க விதி பாரத்தை உள்ளே இழுக்கச் சொல்கிறது. உள்ளே இழுத்ததால் குறையும் தகைவைக் கனவிதி பன்மடங்கு ஆயுளாக்குகிறது. செலவு ஒன்றுமில்லை, பெட்டிகளின் இடத்தை மாற்றுவதைத் தவிர.

டீசலும் தண்ணீரும் போகிற வழியில் தீர்ந்துகொண்டே வருபவை. அவற்றை முன்முனையில் வைத்தால் புறப்படும்போது இருந்த முன்பாரம் திரும்பும்போது இருக்காது. அச்சுக்கு நேர்மேலே, தாழ்வாக வைத்தால் தீர்ந்தாலும் சமநிலை குலையாது. கனமான உதிரிகள் அவற்றை ஒட்டி. துணி, கூடாரம் போன்ற இலகுவானவை ஓரங்களில். எடுக்கச் சிரமம் என்பது உண்மையான ஆட்சேபம்தான். பக்கவாட்டில் திறக்கும் கதவு வைத்துக் கட்டினால் அதுவும் பெரிதும் தீரும்.

எல்லாவற்றையும்விடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு: உதிரிபாகம் சுமக்கவென்று கட்டிய டிரெய்லர், பழுதாகக்கூடிய இரண்டு சக்கரங்களையும் அவற்றின் பேரிங்குகளையும் கூடவே கொண்டுவருகிறதே? மறுக்க முடியாது. அதற்காகவே ஹப், போல்ட் அமைப்பு, டயர் அளவு எல்லாம் ஜீப்பினுடையதாகவே இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பழைய லேண்ட்குரூசர் ஜீப்புகளில் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு போல்ட். 1999க்குப் பின் வந்த 70 வரிசையில் 150 மில்லிமீட்டரில் ஐந்து. கடையில் கிடைத்த ஹப்பை மாட்டினால் உதிரிச் சக்கரத்தை இரண்டு வகையாகச் சுமக்க நேரும். சக்கரங்களின் இடைவெளியும் ஒத்திருந்தால், மணலில் ஜீப் இறுக்கிவிட்ட தடத்திலேயே டிரெய்லரும் உருளும். இழுக்கும் பாடு குறையும். இப்படிக் கட்டினால் நெருக்கடியில் டிரெய்லரின் சக்கரமே ஜீப்புக்கு உதிரியாகும். கட்ட முடியாதென்றால், சாமான்களைக் குறைத்து டிரெய்லர் இல்லாமல் போவதே மேல்.

புறப்படுவதற்கு முன், பயணத்தில் இருக்கப்போகிற அத்தனை பாரத்தையும் ஏற்றிவிட்டு எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். பிறகு சமதரையில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கொக்கியை ஓட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்து, அதன் கீழே முட்டுக்கொடுத்து, வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசை வையுங்கள். பத்தில் ஒரு பங்கு வரவில்லையென்றால், முன்முனையில் புதிதாக எதையும் தொங்கவிடாமல், பின்னால் இருப்பதை அச்சை நோக்கி நகர்த்துங்கள்.