மலையும் இணையவழிக் கல்வியும்

ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் கூடியிருந்து பயில்வதே நெடுங்காலமாக வழங்கிவரும் கல்வி முறையாகும். அவ்வாறு கூட இயலாதார்க்கும் உயர்கல்வி கிட்டுதல் வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் தோன்றியதே தொலைநிலைக் கல்வி. தில்லிப் பல்கலைக்கழகம் 1962-ஆம் ஆண்டில் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அன்று அஞ்சலில் சென்ற பாடங்கள் இன்று இணையத்தின் வழியே நொடிப்பொழுதில் செல்கின்றன. ஆயினும், பாடம் சென்று சேர்வது வேறு. கல்வி சென்று சேர்வது வேறு. இவ்வேறுபாட்டைக் கல்வராயன் மலை நன்கு உணர்த்தும்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று கல்வராயன் மலை. 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் அதன் ஒரு பெரும்பகுதி அமைந்துள்ளது. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் அங்கு வாழ்கின்றனர். வெள்ளிமலை முதலிய ஊர்களைச் சுற்றி, சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சிற்றூர்கள் பல சிதறிக் கிடக்கின்றன.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய்ப் பரவலால் கல்லூரிகள் மூடப்பட்டன. வகுப்பறை கைப்பேசித் திரைக்கு மாறிற்று. மாணவர் துயர் தீர்க்கக் கருதிய தமிழ்நாட்டரசு, நாள்தோறும் 2 ஜிகாபைட் அளவு இணையத்தைப் பயன்படுத்த உதவும் விலையில்லா அட்டைகளை 2021 சனவரி முதல் ஏப்பிரல் வரைக்கும் வழங்குவதாக அறிவித்தது. ஏறத்தாழ 9,69,000 கல்லூரி மாணவர்க்கென அத்திட்டம் வகுக்கப்பட்டது.

அட்டை கிடைத்தால் மட்டும் போதுமா? கைப்பேசிக்குரிய வானொலி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்லும் இயல்பின. கோபுரத்திற்கும் ஊருக்கும் இடையே குன்று நிற்குமாயின், பள்ளத்திலுள்ள வீட்டில் அலை மெலிந்துவிடும். ஆசிரியர் நேரலையில் பேசுங்கால் படம் உறைந்து நிற்கும். சொல் அறுந்து போகும். மாணவர் வாய்திறவாதிருப்பதைக் கண்ட ஆசிரியர், பாடம் விளங்கிற்று என்றே எண்ணிக்கொள்வார்.

இக்குறையை நீக்கும் வழிகள் அரியன அல்ல. ஒரு மணி நேரக் காணொளி, தெளிவாகக் காண வேண்டுமாயின், நூற்றுக்கணக்கான மெகாபைட்டுகளை விழுங்கும். அதே நேர அளவுள்ள ஒலிப்பதிவுக்கு 15 மெகாபைட்டே போதும். எழுத்தால் அமைந்த பத்துப் பக்கங்களுக்கு ஒரு மெகாபைட்டும் வேண்டா. ஆதலின், பாடத்தை எழுத்தாகவும் ஒலியாகவும் சிறு சிறு பகுதிகளாக்கி முன்னரே அனுப்புதல் நன்று. அலை கிடைக்கும் மேட்டிற்கு ஒருமுறை சென்று அவற்றைப் பதிவிறக்கிக்கொண்ட மாணவர், வீட்டில் அமர்ந்து வேண்டிய முறை பயிலலாம். காணொளி, படம் காட்டியே விளக்கவேண்டிய இடங்களுக்கு மட்டும் அமைக.

இரண்டாவது வழி இதனினும் சிறந்தது. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் சில வினாக்கள் வைத்தல் வேண்டும். ஆசிரியர் விடைகளைத் திருத்தி விரைந்து அனுப்புவாராயின், மாணவர் தம் பிழையை உணர்வர். ஆசிரியரும் தம் பாடம் எங்கே விளங்கவில்லை என்பதை அறிவர். விடையே வாராத மாணவரைத் தொலைபேசியில் அழைத்து, காரணம் கேட்டல் ஆசிரியர் கடன்.

மூன்றாவதாக, நேரில் காணும் வாய்ப்பை அறவே விடலாகாது. 2020-ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பில், பாடங்கள் இணையவழி வருகின்றன. வாரந்தோறும் பயிற்சிகள் உண்டு. தேர்வுகளோ குறித்த மையங்களில் நேரில் நடைபெறுகின்றன. இத்தகைய மையங்கள் மலையூர்களுக்கு அண்மையில் அமையுமாயின், தேர்வு எழுதுவதோடு ஐயம் களையவும் அவை பயன்படும்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவி ஒருத்தி, அலை கிட்டாமையால் படிப்பைக் கைவிடுவாளாயின், அவ்விழப்பு அவளோடு முடிவதன்று. அவளைப் பின்பற்ற இருந்த தங்கையர்க்கும் வழி அடைபடும். ஆதலின், இணையவழிக் கல்வியின் சிறப்பை அது நகரத்தில் விரைந்து ஓடுவதைக் கொண்டு அளத்தல் தகாது. மலையின் கடைசி வீட்டிலுள்ள மாணவர்க்கும் விளங்குமாறு அமைந்த பாடமே நல்ல பாடம் என்பதை நாம் உணர்வோமாக.