கட்டிங் துண்டில் கோணல் விரிப்பு!

எங்க திருப்பூரில் பனியன் கட்டிங் துண்டுகள் மூட்டை மூட்டையாக எடைக்குப் போகும். அதில் கலர் துண்டுகளைப் பொறுக்கி, கோணல்மாணலாகச் சேர்த்து விரிப்பு தைக்கலாம். 1880களில் அமெரிக்கப் பெண்கள் பட்டு, வெல்வெட் துண்டுகளில் இப்படித்தான் தைத்தார்களாம்.

பனியன் துணி இழுபடுமே! அதனால் அடியில் பழைய வேட்டித் துணியைச் சதுரமாக வெட்டி வையுங்கள். சிவப்பு, கருநீலத் துண்டுகளைத் தனியே அலசிவிடணும். சாயம் போனால் வெள்ளையெல்லாம் பாழ். நடுவில் ஒரு துண்டு, சுற்றிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல மற்றவை. பனியன் துணி ஓரம் பிரியாது, சுருளத்தான் செய்யும். மடிக்காமல், பெருந்தையல் போட்டுவிட்டு, மேலே கலர் நூலில் மீன்முள் தையல் போட்டால் படிந்துவிடும், அழகும் அதுதான்.

கைக்குழந்தைக்கு விரிப்பதானால் ஜமிக்கி, பட்டன் வேண்டவே வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். நூலிலேயே பூ போடுங்கள்.

- ஒரு வாசகி, திருப்பூர்.