மின்னூலின் சாவி யாரிடம்?

கடையில் வாங்கிய புத்தகத்தைக் கடைக்காரர் வீடு தேடி வந்து எடுத்துச் செல்வதில்லை. மின்னூலுக்கும் இந்த உறுதி உண்டா?

மின்னூல் வாசிப்புக் கருவிக்கு இரண்டு சேமிப்பிடங்கள் உள்ளன. ஒன்று, கருவிக்குள் இருக்கும் நினைவகம். மற்றொன்று, விற்பனை நிறுவனத்தின் கணினிகளில் இணையம்வழி எட்டக்கூடிய இடம். இதை மேகச் சேமிப்பு என்பார்கள்.

அமேசான் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் கிண்டில் கருவியின் நினைவகம் 250 மெகாபைட். அதில் ஏறத்தாழ 200 நூல்களை வைத்துக்கொள்ளலாம். இன்று 16 கிகாபைட் கருவிகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. எழுத்து மட்டுமே உள்ள நூல்கள் ஆயிரக்கணக்கில் அவற்றில் அடங்கும். ஆகவே, இடம் போதாது என்பது இப்போது பெரிய சிக்கல் அன்று.

மேகச் சேமிப்பின் பயன் வேறு. கருவி தொலைந்தாலும் உடைந்தாலும், புதிய கருவியில் அதே கணக்கைத் திறந்து நூல்களை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். ரயிலில் கைத்தொலைபேசியில் நிறுத்திய பக்கத்திலிருந்து வீட்டில் தொடரலாம். நினைவகத்தில் இருக்கும் நூலை இணையம் இல்லாத விமானத்திலும் படிக்கலாம். ஆனால் வேறு படி இல்லையென்றால் கருவியோடு அதுவும் போய்விடும்.

இருந்தும், சாவி நிறுவனத்திடமே இருக்கிறது. உரிமை பெறாத ஒருவர் விற்ற ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ நூல்களை 2009 ஜூலையில் அமேசான், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. பணம் திரும்பக் கிடைத்தது; நிறுவனத் தலைவர் ஜெப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால், நூலை ஒட்டி ஒரு மாணவர் எழுதிவைத்த குறிப்புகள் நூல் இல்லாமல் பொருளிழந்தன. மைக்ரோசாப்ட் 2019ஆம் ஆண்டு தன் மின்னூல் கடையை மூடியபோதும் வாடிக்கையாளர்களுக்குப் பணம் திரும்பியது, நூல்கள் மறைந்தன.

காரணம் எளிது. பெரும்பாலான மின்னூல் கடைகள் விற்பது நூலை அன்று, படிக்கும் அனுமதியை. கருவியில் இறக்கிய நூலும் மின்பூட்டுடன்தான் வருகிறது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவழி கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரி 26ஆம் தேதி நிறுத்தியது.

அதனால், வாங்குமுன் பூட்டு உண்டா என்று பார்ப்பது நல்லது. பூட்டில்லாத நூல்களைக் கணினியிலும் தனி வட்டிலும் படியெடுத்து வைக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலவசமாக வழங்கும் தமிழ் இலக்கியங்கள் அத்தகையவை. நூலை ஒட்டிய சொந்தக் குறிப்புகளுக்கும் தனிப்படி தேவை. மேகம் வசதிக்கு, கைவசம் உள்ள படியே பாதுகாப்புக்கு.