கண்ணாடி நார் வள்ளமும் அதனைப் பேணும் முறையும்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் முதலிய கடற்றுறைகளில், மரத்தாலாய கலங்களோடு கண்ணாடி நாராலாய சிறு வள்ளங்களும் பலவாகக் காணப்படுகின்றன. 'பைபர் வள்ளம்' என வழங்கும் இவை, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர்த் தமிழ்நாட்டுக் கரைகளில் மிகப் பெருகின. மோட்டார் வண்டிகட்கும் இப்பொருளே உடலாயதுண்டு. 1953இல் அமெரிக்காவில் வெளிவந்த 'கார்வெட்' வண்டியும், 1982இல் பெங்களூரில் சிபானி நிறுவனத்தார் வெளியிட்ட 'டால்பின்' என்னும் சிறு காரும் அதற்குச் சான்றாம்.

மரம் உளுக்கும்; இரும்பு துருப்பிடிக்கும்; இப்பொருளுக்கோ அவ்விரு குறையும் இல்லை. ஆதலின் இதனைப் பேண வேண்டுவதில்லை எனப் பலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது. மரக்கலத்திற்குக் கலப்பற்று எவ்வாறு இன்றியமையாததோ, அவ்வாறே இதற்கும் காலந்தோறும் கண்காணிப்பு வேண்டும்.

இதன் இயல்பை முதற்கண் அறிவாம். கண்ணாடி நார்ப் பாய்களைப் பாலியெஸ்டர் ரெசினில் தோய்த்து, அடுக்கடுக்காக இட்டு இறுகச் செய்தலால் இவ்வுடல் உண்டாகின்றது. வலிமை தருவது நார். அதனைப் பிணித்து நிற்பது ரெசின். நீர் புகாமற் காப்பது 'ஜெல்கோட்' என்னும் புறத்தோல். பவளப்பாறையில் உராய்ந்து அத்தோல் பிளந்துழி, நீர் நார்வழியே உட்சென்று பிணிப்பைத் தளர்த்தும். புறத்தே ஒரு கீறலாய்த் தோன்றுவது அகத்தே பெரும்புண்ணாய் இருத்தல் கூடும். சிறு சுத்தியால் மெல்லத் தட்டின், நல்ல பகுதி தெளிவாய் ஒலிக்கும். பிரிந்த பகுதி மந்தமாய் ஒலிக்கும். கொப்புளத்தைக் கீறுங்கால் புளித்த காடி போன்ற மணம் எழுமாயின், நீர் உட்புகுந்தமை தெளிவு.

இத்தகைய பழுதின்மேல் வண்ணம் பூசி மறைத்தல் ஈரத்தை உள்ளே அடைத்து வைப்பதேயாம். கெட்ட பகுதியை முற்றும் அகற்றி, நன்னீராற் கழுவி, நன்கு உலரவிடல் வேண்டும். பின்னர்ப் புண்ணைச் சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். சரிவின் அகலம் உடற்றடிப்பினும் பன்னிரு மடங்காதல் நன்று. 5 மில்லிமீட்டர் தடிப்பாயின் 60 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். அப்பரப்பே புதிய அடுக்குகள் பற்றிக்கொள்ளும் இடமாதலின் அதனைக் குறைத்தலாகாது. தூசியை நீக்கி, ரெசின் பூசி, நார்ப்பாய்களை ஒன்றன்மேலொன்றாக இட்டு, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுக. பல அடுக்குகளை ஒருங்கே இடின் வெப்பம் மிகுந்து வெடிப்புண்டாம். நடுப்பகல் வெயிலில் ரெசின் விரைந்து இறுகுமாதலின், காலை வேளையே ஏற்றது.

ரெசினை இறுகச் செய்யும் 'கேட்டலிஸ்ட்' பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்காகச் சேர்க்கப்படும். அஃதாவது 1 கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். கோபால்ட் நீர்மத்தை அதனோடு நேரே கலத்தல் தீயையும் வெடிப்பையும் விளைக்கும். கோபால்ட்டை முன்னரே ரெசினிற் கலந்துவிட்டு, அதன் பின்னரே கேட்டலிஸ்ட்டைச் சேர்த்தல் வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணிற் பட்டாற் பார்வையே கெடும். தேய்க்குங்கால் எழும் நார்த்தூசியும், ரெசினின் ஆவியும் தீங்கு செய்வன. ஆதலின் கண்ணாடி, கையுறை, முகக்கவசம் ஆகியவற்றை அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்திற் பணி செய்தல் நன்று. அருகில் பீடியும் அடுப்பும் ஆகா.

அன்றாடம் செய்யத்தக்கனவும் சில உள. வள்ளத்தை மணலில் இழுத்தலால் 'ஏரா' என்னும் அடிப்பகுதி தேயும். உருட்டுக் கட்டைகளின்மேல் ஏற்றின் அத்தேய்வு குறையும். உள்ளே தேங்கிய நீரை இறைத்துவிடுக. ஆணித்துளைகளின் விளிம்பில் நார் வெளித்தோன்றின் உடனே ரெசினால் அடைக்க. கரையில் நெடுநாள் நிற்பதாயின், நிழலில் வைக்க.

ஒரு வள்ளத்தை நம்பிக் கடலேறுவார் சிலரே. அவர் வரவை நோக்கிக் கரையில் இருப்பார் பலர். ஆதலின் கரையிற் செலவிடும் ஒரு நாள் வீணாளன்று.